புர்க்முல்லரின் 'அராபெஸ்க்': வேகத்துக்கு முன் சமநிலை

1851-ஐ ஒட்டி வெளிவந்த இசையமைப்பாளர் புர்க்முல்லரின் ஓபஸ் 100 (படைப்பு எண் 100) என்ற பியானோ பயிற்சித் தொகுப்பில் இது இரண்டாவது பாடம். சுர வரிசை ஏ மைனர், 2/4 தாளம். வலது கை ஏ-பி-சி-பி என நான்கு செமிகுவேவர்களை (கால் அடி நீளச் சுரங்களை) வாசித்து மறுபடி ஏ-யில் இறங்கும், விரல்கள் 1-2-3-2-1 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5). எளிதாகத் தோன்றும், ஆனால் கட்டைவிரல் கனமாக விழுந்தால் கடைசிச் சுரம் தேவையில்லாமல் அழுத்தம் பெறும். அந்தச் சுரத்தில் மணிக்கட்டை மெல்ல மேலே தூக்கி விடுங்கள். அங்கிருந்துதான் கை அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். தாமதித்தால் தாளம் தடுமாறும்.

பல பதிப்புகளில் வேகம் நிமிடத்துக்கு 152 அடி என்று அச்சாகியிருக்கும். அதைக் கண்டு அவசரப்பட வேண்டாம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் வைத்து, நான்கு சுரமும் ஒரே அளவில் ஒலித்த பிறகே 4 புள்ளிகள் கூட்டுங்கள். ஒலி சீரற்றுப் போனால் சுரங்களை நீளம்-குட்டை, பிறகு குட்டை-நீளம் என்று மாற்றி வாசியுங்கள்.

உண்மையான சோதனை நடுப்பகுதியில்தான் இருக்கிறது. செமிகுவேவர் ஓட்டம் இடது கைக்கு மாறும். 5, 4-ஆம் விரல்கள் பலமற்றவை என்பதால் முதல் இரண்டு சுரங்கள் ஒட்டிக்கொண்டு கேட்கும். பாடத்தைத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே இந்த இடத்தைத் தனியாகப் பயிலுங்கள். முழங்கையை உடலோடு ஒட்டவிடாமல், சுண்டுவிரலுக்குப் பின்னால் முன்கையின் எடை நேராக வரும்படி வையுங்கள். அப்போது வலது கையின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மென்மையாக, குட்டையாக இருக்கட்டும். அவை சத்தமாக விழுந்தால் இடது கை எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் காதில் விழாது.

ஒலியை நீட்டும் பெடல் வேண்டாம்.