ஏழாம் வாய்ப்பாட்டில் சிக்கிய பிள்ளைக்கு எப்படி உதவலாம்

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஏழாம் வாய்ப்பாட்டில் போய் நின்றுவிட்டாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று தொடங்கினால் மூச்சுவிடாமல் எழுபதைத் தொட்டுவிடுவாள். நடுவில் நிறுத்தி "ஆறேழு எவ்வளவு?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். உதடு மட்டும் அசைய, மறுபடியும் ஓரேழிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வருவாள். வழியில் ஓர் இடம் தவறினால் அழுகை.

இன்னும் பத்து முறை சத்தமாகச் சொல் என்பதுதான் நான் அப்போது கண்ட வழி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரமும் குறித்தேன். ஒரு வாரம் போனது. மாலை ஆறரை மணியானாலே அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இதே வயதுப் பிள்ளை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. பாட்டை நடுவிலிருந்து பாடச் சொன்னால் பெரியவர்களுக்கும் தடுமாறும். ராகம் போட்டுச் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. பாட்டியோடு சேர்ந்து சொல்வது அவளுக்குப் பிடித்த பொழுது, அது இன்றும் தொடர்கிறது. ஆனால் ஒவ்வொரு கணக்கும் தனியாக நினைவுக்கு வர வேண்டுமென்றால் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். அதற்கு முன்னால், பழக வேண்டியவை எத்தனை என்று பிள்ளை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பயத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

ஒரு கட்டத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 1 முதல் 10 வரை, இடதுபக்கம் கீழ்நோக்கி 1 முதல் 10 வரை எழுதுங்கள். உள்ளே 100 கட்டங்கள். விடைகளைப் பிள்ளையே நிரப்பட்டும், கூட்டிக் கூட்டி நிரப்பினாலும் சரி. அப்புறம் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் தாளை மடிக்கச் சொல்லுங்கள். மூவெட்டும் எண்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காரும். இரண்டும் 24. இப்படி ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு சேர்ந்துவிட, 100 கணக்கு 55 ஆகிவிடும். கோட்டின்மேல் இருக்கும் 10, ஒரு பக்கத்தில் இருக்கும் 45. மகள் தாளை நாலு முறை விரித்து விரித்து மடித்தாள். "அப்போ பாதிதான் படிக்கணுமா அப்பா?" என்று கேட்டாள். பாதிகூட இல்லை என்றேன்.

இனி அடித்துக்கொண்டே போகலாம். 1, 10, 2 மூன்றையும் பிள்ளை ஏற்கெனவே அறிந்திருக்கும். ஐந்துக்குச் சுவர்க்கடிகாரம் போதும். பெரிய முள் 7இல் இருந்தால் 35 நிமிடம். பத்தாம் வாய்ப்பாட்டில் பாதி என்றும் காட்டலாம்: பத்தெட்டு 80, ஐயெட்டு 40. இந்த நான்கு வாய்ப்பாடுகளையும் வண்ணப் பென்சிலால் அடித்துவிட்டால் மீதி 21தான். ஆனால் உண்மையிலேயே தெரிந்த பிறகு அடியுங்கள். முன்னும் பின்னுமாகக் கேட்டு, விரலை எண்ணாமல் சொன்னால்தான் தெரியும் என்று அர்த்தம். இதில் அவசரப்பட்டால் மேலே கட்டுவதெல்லாம் ஆடும். எங்களுக்கு இதற்கே இரண்டு வாரம் ஆனது.

அடுத்து ஒன்பது. பத்து விரல்களையும் விரித்து, ஒன்பதேழு வேண்டுமென்றால் இடமிருந்து ஏழாவது விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மூன்று. விடை 63. பிள்ளைகள் இதை வித்தை மாதிரி ரசிப்பார்கள், ஆனால் ஏன் இப்படி வருகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பத்து ஏழு 70, அதில் ஓர் ஏழு குறைந்தால் 63. பத்துகளின் இடம் ஒன்று குறையும், குறைந்த அந்தப் பத்திலிருந்து ஏழு போக மூன்று நிற்கும். இரு இலக்கங்களையும் கூட்டினால் எப்போதும் 9 வருவது இதனால்தான். காரணம் தெரிந்த பிள்ளை விரலைச் சீக்கிரம் விட்டுவிடும்.

21இல் ஒன்பது போனால் 15. நாலாம் வாய்ப்பாடு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. நாலேழு வேண்டுமா, ஏழின் இரட்டிப்பு 14, அதன் இரட்டிப்பு 28. அதையும் அடித்தால் 10. மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு இரட்டித்து, இன்னொரு முறை சேர்த்தால் போதும்: மூவெட்டு என்பது 16உம் 8உம். மீதி 6. அவற்றில் மூன்று கோட்டின்மேலேயே இருக்கின்றன: ஆறாறு 36, ஏழேழு 49, எண்ணெட்டு 64. இவற்றைக் கட்டத்தாளில் சதுரமாக வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னேன். தானே வரைந்த சதுரம் என்பதாலோ என்னவோ, அந்த மூன்றும் அவளுக்கு உடனே பதிந்துவிட்டன.

கடைசியில் தாளில் அடிபடாமல் நின்றவை மூன்று. 6 × 7, 6 × 8, 7 × 8. நூறு கட்டத்தில் மூன்று! அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினோம். ஏழாம் வாய்ப்பாட்டைப் பார்த்து அழுத பிள்ளை, "எனக்கு இன்னும் ரெண்டு ஏழுதான் பாக்கி" என்று பாட்டியிடம் போய்ச் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த மூன்றுக்கும் பக்கத்துக் கணக்கிலிருந்து வழி உண்டு. ஆறாறு 36 தெரியும், இன்னோர் ஆறு சேர்த்தால் 42. மூவெட்டு 24, இரட்டித்தால் ஆறெட்டு 48. ஏழேழு 49, மேலே ஓர் ஏழு சேர்ந்தால் 56. ஏழெட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு: 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதுங்கள். 56 = 7 × 8.

ஏழெட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் "ஏழெட்டுப் பேர்" என்றால் ஏழோ எட்டோ பேர், "நாலைந்து நாள்" என்றால் நாலோ ஐந்தோ நாள். வாய்ப்பாட்டில் அதே சொல் 56, 20. ஒருநாள் தொலைபேசியில் "நாலைஞ்சு பேர் வருவாங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு, "இருபது பேரா!" என்று ஓடி வந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பியிருந்தாள். இரண்டு பொருளையும் உட்கார்ந்து விளக்கினேன். அன்றிலிருந்து வீட்டில் யார் "ஏழெட்டு" என்றாலும் அவள் "ஐம்பத்தாறு" என்பாள். அப்படித்தான் அந்தக் கணக்கு அவளுக்கு வந்தது, என் அட்டைகளால் இல்லை.

அட்டைகள் என்றால் இவை: ஒரு பக்கம் 6 × 8, மறுபக்கம் 48. எழுத வேண்டியது பிள்ளைதான். மூன்று உறைகள் எடுத்து, முதல் உறையில் தினமும் கேட்கும் அட்டைகள், இரண்டாவதில் மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதில் வாரம் ஒருமுறை என்று வையுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த உறைக்குப் போகும், தவறினால் முதல் உறைக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறையின் சிறிய வடிவம் இது. படித்தது முதலில் வேகமாக மறக்கும், போகப்போக மெதுவாக மறக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885லேயே தன்னையே சோதித்துப் பதிவு செய்திருக்கிறார். ஒரே நாளில் முப்பது முறை கேட்பதைவிட, இடைவெளி விட்டுக் கேட்பது பலன் தருவது இதனால்தான். ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். பிள்ளை களைத்துப் போயிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தவறு வரும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் "தப்பு" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "பக்கத்துல எது தெரியும்?" என்று கேட்கப் பழகினேன். ஆறேழு தெரியாவிட்டால் ஐயேழு தெரியும், 35. அதோடு ஓர் ஏழு. இப்படி இரண்டு மூன்று முறை வந்த பிறகு அந்த வழியே தேவைப்படாமல் விடை நேரே வரும். காத்திருங்கள். பத்து நொடி அமைதி பெற்றோருக்குத்தான் நீளமாகத் தெரியும்.

அவளும் என்னைக் கேட்பாள். அட்டைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் வாய்விட்டு யோசிப்பேன்: "எட்டேழு... ஐயேழு முப்பத்தஞ்சு, மூவேழு இருபத்தொண்ணு, கூட்டினா அம்பத்தாறு." பெரியவர்களும் யோசித்துத்தான் சொல்கிறார்கள் என்று அறிந்ததும் அவளுக்கு வந்த நிம்மதி முகத்திலேயே தெரிந்தது.

மேசையை விட்டு எழுந்தும் கேளுங்கள். குளியலறைச் சுவரில் ஓடுகள் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை? ஆறு வாரத்துக்கு எத்தனை நாள்? ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நாட்காட்டியைவிட நல்ல துணை எதுவும் இல்லை. சும்மா போகிற போக்கில் ஒரு கேள்வி போதும், அடுத்தடுத்து அடுக்கினால் பிள்ளை நம்மோடு நடக்கவே வராது.

எல்லா அட்டைகளும் மூன்றாம் உறைக்குப் போன பிறகு அவற்றைத் திருப்பிப் பிடியுங்கள். 56ஐக் காட்டி, "இதுல எத்தனை எட்டு?" என்று கேளுங்கள். அதுதான் வகுத்தல். நீண்ட விடுமுறை முடிந்து எடுத்தால் சில அட்டைகள் முதல் உறைக்குத் திரும்பும். எங்களுக்கு ஆறெட்டு அப்படித் திரும்பியது, நாலு நாளில் மறுபடி மேலே போனது. இப்போது பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். பத்தையும் இரண்டையும் சேர்த்தால் வந்துவிடும் என்று அவளே கண்டுபிடித்து, தாளை என்னிடம் காட்டாமல் வைத்திருக்கிறாள்.