டாக்டர் ஹூ ஆண்டு மலர்க் கதைகள்: வாசகர்கள் வழுக்கும் இடங்கள்

நமக்குத் தீபாவளி மலர் எப்படியோ, பிரிட்டன் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்து ஆண்டு மலர் அப்படி. டாக்டர் என்ற நாயகன் காலத்தில் பயணம் செய்யும் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு முதல் மலர் 1965இல் வந்தது. பழைய மலர்களைத் தேடுபவர்கள் முதலில் ஏமாறுவது அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்துத்தான். 1976 என்று போட்டிருந்தால், புத்தகம் 1975லேயே கடைக்கு வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இன்றைய அறிவை வைத்து அன்றைய கதைகளுக்கு மதிப்பெண் போடுவது. டாக்டரின் இனமான டைம் லார்டுகள் தொடரில் பெயரோடு வந்ததே 1969இல்தான். காலிஃப்ரே என்ற அவர்களுடைய கிரகத்தின் பெயர் 1973இல். 1965இல் எழுதியவரிடம் போய் அவற்றைக் கேட்டால் எப்படி? நாயகனை வெறும் ‘டாக்டர்’ என்னாமல் ‘டாக்டர் ஹூ’ என்றே கூப்பிடுகிறார்கள் என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. தொடரின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலிலேயே பல ஆண்டுகள் அப்படித்தானே இருந்தது! முதல் மலரில் டாக்டரின் பேர்போன எதிரிகளான டாலெக்குகளையும் தேடாதீர்கள். அவற்றின் உரிமையில், அவற்றைப் படைத்த எழுத்தாளர் டெரி நேஷனுக்குப் பங்கு இருந்தது; அவற்றுக்கென்றே 1964 முதல் தனிப் புத்தகங்கள் வந்தன. மலரில் கிடைப்பவர்கள் தொடரின் வேற்றுலக உயிர்களான ஸார்பி, வூர்டு வகையறாக்கள்.

மலர்க் கதை என்றாலே திரையில் வந்ததன் நகல் என்று ஒதுக்குபவர்கள் 2006 மலரைப் படிக்க வேண்டும். அதில் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான ஸ்டீவன் மொஃபட் எழுதிய கதையில் ஸாலி ஸ்பாரோவுக்கு வயது பன்னிரண்டு. அத்தை வீட்டுச் சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தால், உள்ளே அவள் பெயருக்கே ஒரு செய்தி. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1985இல், மாட்டிக்கொண்ட டாக்டர் எழுதியது. வீடியோ நாடாவில் அவர் பேசப் பேச இவள் பதில் சொல்கிறாள். அவள் என்ன சொல்வாள் என்று அவருக்கு முன்பே தெரியும். காரணம், நாம் படித்துக்கொண்டிருக்கும் அவளுடைய பள்ளிக் கட்டுரையே அவர் கையில் இருக்கிறது! இந்தக் கதைதான் 2007இல் தொடரில் ‘பிளிங்க்’ என்ற அத்தியாயம் ஆனது. மறுஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. ஆனால் அந்த அத்தியாயத்தில் வரும் சிலை உருவ அரக்கர்களான அழும் தேவதைகளை எதிர்பார்த்துப் பக்கம் புரட்டாதீர்கள், அவை திரைக்காகச் சேர்ந்தவை. அவை இல்லாமலேயே முடிச்சு கச்சிதமாக விழுகிறது. எனக்கு மலர் வடிவமே ஒரு படி மேல்.

அதே மலரில், 2005இல் தொடரை மீட்டுக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் டாக்டரை அறிமுகம் செய்து எழுதிய பக்கங்களையும் சிறுவர் சமாச்சாரம் என்று தாண்டிவிடாதீர்கள். டைம் லார்டுகளுக்கும் டாலெக்குகளுக்கும் நடந்த காலப் போர் பற்றி அதுவரை திரையில் சொல்லாத சங்கதிகள் அங்கே இருக்கின்றன.