கஸ்டமர் கேர் இன்டர்வியூ: "பிரச்சனையை எப்படித் தீர்த்தீங்க?" கேள்விக்கு உதாரணம் தயார் செய்வது எப்படி

வாய்ஸ் பிராசஸோ (போனில் பேசும் வேலை) சாட் பிராசஸோ (எழுத்தில் பதில் சொல்லும் வேலை), "கோபமா வந்த ஒருத்தரை எப்படிச் சமாளிச்சீங்க? உதாரணம் சொல்லுங்க" என்ற கேள்விக்குத் தயாராகவே போங்கள். "பொறுமையா பேசிச் சமாதானப்படுத்தினேன்" என்ற பதில் செல்லாது. பொறுமைசாலி என்று எல்லோரும்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க நீங்கள் எதைக் கேட்டீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்பதுதான் இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு வேண்டும்.

1. சரக்கு சேர்ப்பது

ஃபிரெஷருக்கு அனுபவம் ஏது என்று கவலைப்பட வேண்டாம். லீவில் கடையில் நின்றது, கல்லூரி விழாவில் பதிவு மேசையில் உட்கார்ந்தது, டியூஷன் எடுத்தது எல்லாமே கணக்கில் வரும். ஒரு தாளில் நான்கு தலைப்பு எழுதுங்கள்: கோபமாக வந்தவர்; விதிப்படி முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது; நம்முடைய தவறு; நமக்கே பதில் தெரியாத கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் போதும். மூன்றாவதைப் பலரும் காலியாக விட்டுவிடுவார்கள். தவறே செய்யாத ஆளை யாரும் நம்புவதில்லை, எழுதிவிடுங்கள்.

2. நான்கு வரியாக்குவது

என்ன நடந்தது, எதைக் கேட்டேன் அல்லது பார்த்தேன், என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது. இதில் இரண்டாவது வரிதான் நீளமாக இருக்க வேண்டும்.

மளிகைக் கடை பில் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஜிபேயில் 640 ரூபாய் போடுகிறார். அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடை ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. "இன்னொரு தடவை எல்லாம் போட மாட்டேன்" என்று கத்துகிறார்.

வலுவில்லாத பதில்: "அமைதியா இருங்க சார்னு சொல்லி ஓனரைக் கூப்பிட்டேன்." பிரச்சனையைத் தீர்த்தது ஓனர். அப்படியானால் வேலையையும் அவருக்கே கொடுக்கலாம்!

வலுவான பதில்: "அவர் ஆப்ல சக்சஸா பெண்டிங்கான்னு முதல்ல பார்த்தேன். பெண்டிங்னு இருந்துச்சு. 12 இலக்க யூடிஆர் நம்பரை (அந்தப் பரிவர்த்தனையோட அடையாள எண்) வாங்கி எங்க கடை ஆப்ல தேடினேன், வரலை. பெண்டிங்னா பணம் எங்களுக்கும் வரலாம், அவருக்கே திரும்பியும் போகலாம். அதனால ரெண்டாவது தடவை கேட்கலை. அவர் போன் நம்பரைக் குறிச்சுக்கிட்டு, ஓனர்கிட்ட அனுமதி வாங்கி, பொருளைக் கொடுத்தேன். சாயங்காலம் பணம் ஏறியிருந்துச்சு, போன் பண்ணிச் சொன்னேன்."

3. அடுத்த கேள்விக்குத் தயாராவது

மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "பணம் வராமலே போயிருந்தா?" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஒருவருக்கொருவர் அனுப்பியதென்றால் கெடு ஒரே நாள். வங்கி, பேமென்ட் ஆப் பிராசஸுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒவ்வொரு உதாரணத்துக்கும் இப்படி இரண்டு "இருந்தா?" கேள்விகளை நீங்களே எழுதிப் பதில் தேடி வையுங்கள்.

4. சொல்லிப் பார்ப்பது

போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்றரை நிமிடம் சரியான அளவு. முதல் 20 நொடிக்குள் வாடிக்கையாளரின் பிரச்சனை வந்துவிடவில்லை என்றால், கடையின் வரலாற்றை வெட்டுங்கள். "நாங்க பேசினோம், நாங்க முடிச்சோம்" என்று வருகிற இடங்களில் உங்கள் பங்கை மட்டும் "நான்" ஆக்குங்கள். கூட வேலை பார்த்தவர் மேல் பழி வேண்டாம். "என் கைக்காசைக் கொடுத்து அனுப்பிட்டேன்" என்பதும் வேண்டாம். தியாகம் மாதிரித் தெரியும், ஆனால் விதியை மீறுகிற ஆள் என்றுதான் குறித்துக்கொள்வார்கள்.

போன் ரவுண்டில் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முழு வாக்கியமாக எழுதி வைத்தால் படிப்பது குரலிலேயே தெரிந்துவிடும். இந்த அளவு போதும்: "640 – பெண்டிங் – 12 இலக்கம் – ஓனர் அனுமதி – சாயங்காலம் போன்."