பெட்டிங் ஆப் காசு இல்லாமல் மலையில் ஒரு கால்பந்து டோர்னமெண்ட் நடத்துவது எப்படி

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன கால்பந்து கிளப்பின் கணக்கு நோட்டு ஒன்பது வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. மே மாதம் சீசன் நேரத்தில் 16 டீம் வைத்து செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற டோர்னமெண்ட் நடத்துவோம். மூன்று வருஷமாக, பொங்கல் முடிந்ததும் ஒரு போன் வந்துவிடுகிறது. "சார், ஜெர்சி, பேனர், முதல் பரிசு எல்லாம் நாங்க பாத்துக்கறோம், 40,000 வரைக்கும் பண்ணலாம், நெஞ்சுல எங்க லோகோ மட்டும் வந்தா போதும்." பேசுகிற ஆள் மாறுகிறான், லோகோ மாறுகிறது, பேச்சு மட்டும் அதேதான். ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கத்து கிளப்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் இந்த மாதிரி போன் வருகிறது என்கிறார்கள். அதனால் இந்தப் பணத்தை எப்படி அடையாளம் காண்பது, பையன்களிடம் எப்படிப் பேசுவது, அது இல்லாமல் கணக்கை எப்படிச் சரிக்கட்டுவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில், கேட்பது யார் என்று பாருங்கள்

சூதாட்ட கம்பெனி என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். விளையாட்டுச் செய்தித்தளம் என்பார்கள், ஸ்கோர் பார்க்கிற ஆப் என்பார்கள். பெயரைக் கேட்டதும் போனில் தேடிப் பாருங்கள். செய்தி என்று நாலு பழைய மேட்ச் ரிப்போர்ட் இருக்கும். அதே பெயரில் ஓரெழுத்து மாற்றித் தேடினால் பந்தயம் கட்டுகிற தளம் வந்து நிற்கும். இத்தாலியில் 2018-லேயே சூதாட்ட விளம்பரத்தைத் தடை செய்து சட்டம் போட்டார்கள், அப்படியும் 2024-25 சீசனில் இன்டர் மிலான் கிளப் ஜெர்சியின் நெஞ்சில் ஒரு பெட்டிங் கம்பெனி தன் 'விளையாட்டுத் தளம்' என்ற பெயரில் வந்து உட்கார்ந்தது. அங்கே வேலை செய்த அதே வழிதான் நம் ஊர் மைதானத்துக்கும் வருகிறது.

இன்னொரு அடையாளம், அவர்கள் கடைசியில் கேட்கிற பொருள். எங்களிடம் வந்தவர் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, பேனரில் லோகோவுக்குக் கீழே ஒரு க்யூஆர் கோடு. இரண்டு, டீம் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தன் நம்பரைச் சேர்க்க வேண்டும். 16 டீம், டீமுக்குப் பத்துப் பேர், அவர்களின் கூட்டாளிகள் என்று வைத்தால் ஒரு மலையூரின் இளவட்டம் மொத்தமும் அந்த நம்பர்களில் இருக்கிறது. ஒரு கடைக்காரர் ஸ்பான்சர் செய்தால் உங்கள் குரூப்பில் அவருக்கு என்ன வேலை? குரூப்பைக் கேட்டாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கமிட்டியில் யாராவது "ஒரு பேனர்தானே" என்று இழுத்தால் உதவும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது, அதில் விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களின் விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். டோர்னமெண்ட் நோட்டீஸில் அச்சாகி இருப்பது செயலாளர் பெயரும் பொருளாளர் பெயரும். போன் செய்த ஆளின் பெயர் அதில் எங்குமே இருக்காது.

பையன்களிடம் பேசுவது

இதுதான் கஷ்டமான வேலை, இதற்கு நேரம் ஒதுக்குங்கள். எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே, "அண்ணா, பிரீமியர் லீக்ல பாதி டீம் போட்டிருக்கு, நமக்கு மட்டும் என்ன?" என்றுதான் வந்தது. அதட்டி உட்காரவைக்காதீர்கள். கேள்வி நியாயமானது. 2024-25 சீசனில் இங்கிலாந்தின் அந்த லீக்கில் 20 கிளப்பில் 11 கிளப்புகளின் நெஞ்சில் சூதாட்ட கம்பெனிதான் இருந்தது.

நான் சொன்ன பதில் இது. அந்த கிளப்புகளே கூடி 2023 ஏப்ரலில், 2025-26 சீசன் முடிந்ததும் நெஞ்சில் சூதாட்ட லோகோ வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஜெர்சிக் கையிலும் மைதானத்தைச் சுற்றிய பலகையிலும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள், அது எனக்குச் சம்மதமில்லை, கையும் அதே சட்டைதானே. ஸ்பெயின் 2021-22 சீசனிலிருந்து ஜெர்சியில் வரக்கூடாது என்றது. எந்தப் பெரிய கிளப்பும் அதனால் கதவைச் சாத்தவில்லை. அப்புறம் நம் கிரிக்கெட்டையே பாருங்கள், 2025 ஆகஸ்டில் சட்டம் வந்ததும் ஜெர்சி ஸ்பான்சர் டிரீம்11 விலகியது, செப்டம்பரில் ஆசியக் கோப்பையை இந்திய அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத ஜெர்சியோடு ஆடி ஜெயித்தது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் சத்தம் குறைந்தது.

சின்ன கிளப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் கஷ்டம் என் நோட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரம் யாருக்காக வைக்கப்படுகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்து கிளப் ஜெர்சியில் சீன எழுத்தில்கூடப் பெட்டிங் பெயர் வந்திருக்கிறது, இங்கிலாந்து ரசிகனுக்கு அதைப் படிக்கவே தெரியாது. டிவியில் பார்க்கிற ஆசியாக்காரர்களுக்காக வைத்தது அது. அப்படிப் பல கிளப்புகளின் ஜெர்சியில் இருந்த பெட்டிங் பெயர்களுக்கு லைசென்ஸ் வைத்திருந்த டிஜிபி யூரோப் என்ற நிறுவனத்துக்கு பிரிட்டன் சூதாட்ட ஆணையம் 33 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது, 2025 மே மாதம் அது அந்த நாட்டை விட்டே போய்விட்டது. கிளப்புக்கு வருகிற காசு, ராத்திரி பத்தரை மணிக்கு எஸ்டேட் லைன் வீட்டில் மேட்ச் பார்க்கிறவனின் பையிலிருந்துதான் போகிறது.

ஐவன் டோனி கதையையும் சொல்லுங்கள், பையன்களுக்கு அவரைத் தெரியும். அப்போது இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் ஸ்ட்ரைக்கர், 232 முறை பந்தய விதியை மீறியதற்காக 2023 மே மாதம் எட்டு மாதத் தடை வாங்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாலும், சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவர் சொன்னதாலும்தான் தண்டனை குறைந்தது. அந்த சீசன் முழுக்க அவர் நெஞ்சில் இருந்ததும் ஒரு பெட்டிங் கம்பெனி பெயர்தான்.

எங்கள் கோல்கீப்பர் கதையை நான் அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை, அவனே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இங்கே பெயர் இல்லாமல் சொல்கிறேன். விளம்பரப் பலகையில் பார்த்த பெயரை போனில் தேடியிருக்கிறான், டெலிகிராமில் லிங்க் வந்திருக்கிறது, முதலில் 200 ரூபாய் கட்டி 700 எடுத்திருக்கிறான். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அவன் அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர், ஒரு கிலோ கொழுந்துக்கு 20 ரூபாய்கூடக் கிடைக்காத மாசங்கள் எத்தனையோ இருந்தன, அந்த வீட்டில் மகளிர் குழுக் கடன் 30,000 போய்விட்டது. எங்களுக்குத் தெரியவந்தது எப்படியென்றால், ஒரு சாயங்காலம் பிராக்டீஸில் பந்து அவன் காலடியைத் தாண்டி வலைக்குள் போயிற்று, அவன் குனியவே இல்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போஸ்ட்டுக்குப் பின்னால் மூடுபனியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது கணக்கு

மொத்தத் தொகையைப் பார்த்தால் பயம்தான் வரும், துண்டு துண்டாகப் பிரியுங்கள். போன மே மாதம் எங்கள் செலவு இப்படி. ஜெர்சி 18, திருப்பூரில் ஒன்று 320 என்று 5,760. கப், மெடல் 9,000. ரெஃப்ரிகளுக்கு இரண்டு நாளுக்கு 6,000. சாப்பாடு 11,000. மைக் செட், ஜெனரேட்டர் 5,500. ரொக்கப் பரிசு 15,000. ஆக 52,260. என்ட்ரி ஃபீஸ் 1,500 வீதம் 16 டீமிடம் 24,000 வந்துவிடும். மீதி 28,260. அந்த 40,000 ரூபாய் ஆள் இதற்காகத்தான் வருகிறான்.

சாப்பாட்டுக்குப் பணமாகக் கேட்காதீர்கள். அரிசி ஒருவர், காய்கறி ஒருவர் என்று கேளுங்கள். கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவுகிற இடங்களில் கேட்டால் மூட்டையோடு தருகிறார்கள், பணம் கேட்டால் யோசிக்கிற மனுஷரே காய் என்றால் உடனே சரி என்கிறார். பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில் இருந்து பால், அவரைக்காய் எல்லாம் வந்தது. அதோடு 11,000 போயிற்று. மெடலுக்கு, வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஆளுக்கு 3,000 போட்டார்கள். ஒருவர் தன் அப்பா பெயரில் கப் கேட்டார், அப்படியே போட்டோம். தேயிலை ஃபேக்டரிக்கு மட்டும் கடிதத்தோடு நேரில் போங்கள், அதுவும் இலைப் பணம் பட்டுவாடா முடிந்த வாரத்தில், காலையில் எடை போடுகிற கூட்டம் கலைந்த பிறகு. எங்களுக்கு 5,000 கிடைத்தது. மிச்சம் 3,260, அதை ஒரு பேக்கரியும் ஒரு வொர்க்ஷாப்பும் பங்கு போட்டுக்கொண்டன. யார் எது தந்தாலும் ரசீது கொடுங்கள், டோர்னமெண்ட் முடிந்த மறுநாள் போட்டோவும் வரவு செலவும் அனுப்புங்கள், அடுத்த வருஷம் கேட்கவே வேண்டியதில்லை, அவர்களே "எப்போ வெச்சிருக்கீங்க" என்று கேட்பார்கள்.

ஜெர்சி நெஞ்சில் ஊர் பெயரைப் போட்டோம். பொடிப்பையன்களுக்கு ஐரோப்பிய டீம் ஜெர்சி மாதிரி வேண்டுமென்றால், பெட்டிங் லோகோ இல்லாமல் அடிக்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் சின்னவர்கள் சைஸ் ஜெர்சியில் அந்த லோகோவை விற்கவே கூடாது. இங்கே நகல் அடிப்பவர்கள் பெரிய சைஸ் டிசைனை அப்படியே சுருக்கி ஏழு வயசுப் பையனுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை அழித்துவிட்டு அடித்துத் தருவார்கள், கூடுதல் காசும் கேட்கமாட்டார்கள்.

கமிட்டி மாறினாலும் முடிவு மாறாமல் இருக்க, எழுதிவையுங்கள். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த கிளப் என்றால் பொதுக்குழுவில் வைத்து விதியில் ஒரு வரி சேர்க்கலாம். பதியாத கிளப் என்றால் மினிட் நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் வரி: "பந்தயம், ரம்மி, லாட்டரி சம்பந்தப்பட்ட எவரிடமும் எந்தப் பெயரிலும் பணமோ பொருளோ வாங்குவதில்லை." லாட்டரியைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி இல்லை, ஆனால் கூடலூர், பந்தலூர் தாண்டினால் வயநாடு, அங்கே கேரள லாட்டரி கடைக்குக் கடை தொங்குகிறது.

டீமில் ஏற்கெனவே யாராவது மாட்டியிருந்தால், டீமை விட்டு மட்டும் நீக்காதீர்கள். கடனை அடைக்கக் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள், அது திரும்ப ஆப்புக்கே போகும். 14416, டெலிமானஸ், அரசு நடத்தும் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசில்லை. பணத்தை ஏமாற்றிப் பிடுங்கியிருந்தால் 1930-க்கு அன்றைக்கே சொல்லுங்கள். எங்கள் பையனின் சம்பளத்தை இப்போது அவன் அம்மாவே வாங்கிக்கொள்கிறார், பிராக்டீஸ் நேரத்தில் அவன் போன் என் பையில் இருக்கிறது, இரண்டுமே அவனாகக் கேட்டது. இந்த மே மாதம் கோல்போஸ்ட்டில் அவன்தான், ஜெர்சி நம்பர் 1, திருப்பூருக்கு ஆர்டரை பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டோம்.