கடலடிச் சேற்றில் கதிரியக்கமும் கரிமப் பொருளும்: நான் அளக்கும் முறை

சேற்றை 105 டிகிரி செல்சியஸில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். இடித்துச் சலித்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்று காமா அளவீட்டுக்கு, மற்றது உலைக்கு.

காமா பங்கை டப்பாவில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, நான்கு வாரம் அப்படியே விடுங்கள். இங்கேதான் பலருக்குப் பொறுமை போய்விடும். ரேடியம்-226 சிதைந்து உண்டாகும் ரேடான்-222 ஒரு வாயு. அரை ஆயுள் 3.8 நாள்; மூடிய டப்பாவில் அது ரேடியத்தோடு சமநிலைக்கு வரத்தான் இந்த நான்கு வாரம். அது தப்பிவிட்டால் அடுத்து வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் குறைவாகத் தெரியும். நாம் ரேடியத்தைக் கணக்கிடுவதோ அவற்றின் 352, 609 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கோடுகளை (அந்த ஆற்றல்களில் எழும் முகடுகளை) வைத்துத்தான். வெறும் திருகு மூடியை நான் நம்புவதில்லை, மேலே ஒட்டுநாடாவும் சுற்றுவேன். பொட்டாசியம்-40க்கு இந்தக் காத்திருப்பே வேண்டாம். 1461 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் நேராகத் தெரியும்.

அப்புறம் உலை. 550 டிகிரியில் நான்கு மணி நேரம்; குறைந்த எடைதான் தோராயமான கரிமப் பொருள். தோராயம்தான், ஏனென்றால் களிமண் தன் கட்டமைப்பு நீரையும் இழக்கும். வெப்பத்தை இஷ்டத்துக்கு ஏற்றினால் சிப்பித்தூளின் கார்பனேட்டும் சிதைந்து கணக்கைக் கெடுக்கும்.

கதிரியக்கம், கரிமப் பொருள் இரண்டு எண்களும் சேர்ந்து ஏறினால், கரிமம்தான் காரணம் என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். ஆக்சிஜன் அற்ற, கரிமம் மிகுந்த சேற்றில், ரேடியத்துக்கு மூலமான யுரேனியம் படியும், சரி. ஆனால் நுண்துகள் மிகுந்தாலே இரண்டும் கூடலாம். துகளளவையும் அளந்துவிடுங்கள்.