பயணங்களில் கூட வந்த கைப்பையை விற்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

2025 ஜூலையில் பாரிஸில் நடந்த சோத்பீஸ் ஏலத்தில் ஒரு பழைய கறுப்புத் தோல் பை சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. மேலெல்லாம் கீறல், ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம், பொறித்த இரண்டு எழுத்துகள். நடிகை ஜேன் பர்கினுக்காக ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்து கொடுத்த முதல் பர்கின் பை என்பதால் அந்தத் தேய்மானத்துக்கும் விலை கிடைத்தது. நம் பையில் அதே கீறலும் எழுத்தும் இருந்தால் விலை இறங்கும்.

பையை விற்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெனிஸில் நனைந்ததும் இஸ்தான்புல் படகில் மடியில் வைத்திருந்ததும் நமக்குத்தான் தெரியும். வாங்க வருகிறவர் கைப்பிடியில் உள்ள கறையைத்தான் பார்ப்பார். நினைவுக்கும் சேர்த்து விலை போட்டால், மாதக்கணக்கில் யாரும் கேட்காமல் கிடந்து, கடைசியில் சலிப்பில் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டிவரும். அதே மாடல், அதே அளவு, ஏறக்குறைய அதே நிலையில் உள்ள பை உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது அவரவர் ஆசைப்படும் விலை, அவ்வளவுதான்.

அடுத்தது, விற்பதற்கு முன் அழகுபடுத்துவது. அதிகம் பைகள் கெடுவது இதில்தான். லூயி விட்டான் நிறுவனத்தின் ஸ்பீடி மாடல் பை பலரிடம் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் எழுத்துகள் அச்சிட்ட வழக்கமான மோனோகிராம் ஸ்பீடியின் உடம்பு தோல் அல்ல, பிவிசி பூசிய பருத்தித் துணி. கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல், அதுவும் மேற்பூச்சு இல்லாத மாட்டுத்தோல். வெயிலும் கையும் பட்டுப் பட்டு அது தேன் நிறத்துக்கு மாறும். சீராக மாறிய நிறத்தை யாரும் குறையாகச் சொல்வதில்லை, விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. அதைப் போய் ஈர டிஷ்யூவால் துடைத்தால் திட்டுத் திட்டாக நீர்க்கறை நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவினால் கறுக்கும், பழைய நிறம் திரும்பாது. ஷூ பாலிஷையும் நெயில் பாலிஷ் ரிமூவரையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். தெருமுனைக் கடையில் கைப்பிடியை மாற்றித் தைத்தால் பை புதுசாகத் தெரியலாம், ஆனால் விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் முழுப் பையையும் சந்தேகப்படுவார். உலர்ந்த மெத்தென்ற துணியால் தூசி தட்டி, இருக்கிற குறையை இருக்கிறபடி சொல்லிவிடுங்கள்.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் வாசனை தனிப் பிரச்சினை. பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைத்த பையில் பூஞ்சை வரும். பாச்சை உருண்டை போட்டிருந்தால் அந்த நெடி லேசில் போகாது, அதன் மேல் சென்ட் அடித்தால் இன்னும் மோசம். விற்பதற்குச் சில வாரங்கள் முன்பே வெளியே எடுத்து, நிழலில், காற்றோட்டமாகத் திறந்து வையுங்கள். உள்ளே செய்தித்தாளைத் திணிக்காதீர்கள், மை ஒட்டும். பழைய பருத்திப் புடவை போதும்.

அப்புறம், உள் ஜிப். பயணப் பையில் எதை எப்போது செருகினோம் என்று நமக்கே நினைவிருக்காது. பழைய போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு வரி திரும்பப் பெறும் படிவம் எல்லாம் கிடக்கும். போர்டிங் பாஸின் பார்கோடில் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கும். வரிப் படிவத்தில் பாஸ்போர்ட் எண்ணே இருக்கும். இவை பையோடு போகவே கூடாது. அந்த மியூசியம் டிக்கெட்டையும் கசங்கிய மெட்ரோ சீட்டையும் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவருக்கு அவை குப்பை, உங்களுக்கு அப்படியில்லை. கடை ரசீது மட்டும் பையோடு போகட்டும், பெயர், முகவரியை மறைத்துவிட்டு.

ரசீது தொலைந்திருந்தால் பலர் உள்ளே இருக்கும் எண்ணைக் காட்டி "இதோ அசல்" என்கிறார்கள். லூயி விட்டான் பைகளில் உள்ள அந்தக் குறியீடு எங்கே, எப்போது செய்தது என்பதை மட்டும் சொல்லும். 2007க்குப் பிந்தைய பையில் 4128 என்று இருந்தால், முதல், மூன்றாம் இலக்கங்கள் வாரம், இரண்டாம், நான்காம் இலக்கங்கள் ஆண்டு, அதாவது 2018ஆம் ஆண்டின் 42ஆவது வாரம். போலி செய்கிறவர்களும் இதை அச்சடிப்பார்கள். 2021 முதல் அதற்குப் பதிலாக மைக்ரோசிப் வைக்கிறார்கள், அதனால் புதுப் பையில் எண் இல்லையே என்று பதற வேண்டாம். விலை பெரிதென்றால் தனியாக ஒருவரிடம் அசல் சோதனை செய்து சான்று வாங்குவது நல்லது.

படம் எடுக்கும்போது பகல் வெளிச்சம் போதும். நான்கு மூலைகள், அடிப்பாகம், கைப்பிடி, ஜிப், உள்துணி எல்லாம் தெரிய வேண்டும். நிறுவனத்தின் விளம்பரப் படத்தைப் போடாதீர்கள். குறியீட்டையும் ரசீதையும் பொதுவில் போட வேண்டாம், அந்தப் படத்தை எடுத்து இல்லாத பையை இன்னொருவர் விற்பார். உண்மையாகக் கேட்பவருக்குத் தனியாக அனுப்புங்கள். முதலை, மலைப்பாம்புத் தோல் பை என்றால் வெளிநாட்டுக்கு அனுப்ப சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேண்டும், கூரியரில் சும்மா போட்டு அனுப்ப முடியாது.

பணம் வாங்கும் இடத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. "க்யூஆர் அனுப்பியிருக்கிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு, பொதி கட்டுவதை வீடியோ எடுத்து, இன்ஷூரன்ஸோடு அனுப்புங்கள்.