அவசர மருத்துவச் சொற்களைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மண்டோர்களுக்கும் (மேற்பார்வையாளர்களுக்கும்) ஆலைத் தொழிலாளர்களுக்கும் முதலுதவி வகுப்பு எடுத்துவருகிறேன். அவர்களுடைய குறிப்பேடுகளைப் புரட்டும்போதெல்லாம், எங்கள் தலைமுறை கற்ற நாளில் செய்த அதே பிழைகள் கண்ணில் படுகின்றன. எழுத்துப் பிழையும் உச்சரிப்புப் பிழையும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, உயிரைப் பாதிக்கக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"மயக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது

தலை சுற்றி உட்கார்ந்தவரும், வெயிலில் விழுந்து ஒரு நிமிடத்தில் கண் விழித்தவரும், இதயம் நின்று கிடப்பவரும் நம் பேச்சில் "மயக்கம்" போட்டவர்களே. மலாயில் "பெங்சான்" என்று சொன்னாலும் இதே நிலைதான். வீட்டுப் பேச்சுக்கு இது போதும். அவசர எண்ணான 999-ஐ அழைக்கும்போது போதாது.

ஒரு தோட்டத்தில் காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்த நேரத்தில் செம்பனைக் குலை அறுப்பவர் ஒருவர் சாய்ந்து விழுந்தார். கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுத்தன. யாரோ "காக்காய் வலிப்பு" என்றதும், மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்து ஒன்று அவருடைய உள்ளங்கையில் திணிக்கப்பட்டது. என்னிடம் பயின்ற இளைஞர் அவசர எண்ணை அழைத்து "பெங்சான்" என்றார். மூச்சு இருக்கிறதா என்று மறுமுனையில் கேட்டதற்கு "ஆடா" (இருக்கிறது) என்றும் சொல்லிவிட்டார். ஏனெனில் விழுந்தவரின் வாய் திறந்து திறந்து மூட, நீண்ட இடைவெளி விட்டு, குறட்டை போன்ற ஓசையுடன் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய நெஞ்சில் யாரும் கை வைத்திருக்கவில்லை. அவர் பிழைக்கவில்லை. அந்த இளைஞரின் குறிப்பேட்டில் "கார்டியாக் அரெஸ்ட்" (இதய நிறுத்தம்) என்ற சொல் சரியான பொருளோடு, அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படி மூச்சு இழுப்பது பலருக்கும் நேர்வது. அதை மூச்சு என்று கணக்கில் எடுக்கவே கூடாது. மூளைக்கு இரத்தம் போகாததால் வலிப்பு போன்ற வெட்டும் வரலாம். மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் வியர்வையோடும் நெஞ்சு வலியோடும் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பார். அது முற்றி இதய நிறுத்தமாக மாறினால் பேச்சும் உணர்வும் அற்றுவிடும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது.

ஆகவே நோயின் பெயரைத் தேடாமல், விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் அசைகிறாரா, வலிக்கு அசைகிறாரா, எதற்குமே அசையவில்லையா என்ற நான்கு படிகளைச் சொல்லப் பழகுங்கள். அதன்பின் மூச்சைப் பாருங்கள். "திடாக் செடார், திடாக் பெர்னாஃபாஸ் நோர்மால்" (நினைவில்லை, இயல்பாக மூச்சு விடவில்லை) என்ற மலாய் வாக்கியத்தை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யுங்கள். அதைச் சொல்லும்போதே கைகள் நெஞ்சின் நடுவில் இருக்க வேண்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள்.

இடது, வலது

எப்போதும் அடிபட்டவருடைய இடது, வலது.

"இனிப்பு நீர் ஆள்" என்று எழுதிவிடுவது

இனிப்பு நீர் என்பது நீரிழிவு. அதில் ஹைப்போ என்றால் சர்க்கரை குறைவு, ஹைப்பர் என்றால் மிகை. இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால், இரத்தச் சர்க்கரைக் கருவி காட்டிய எண்ணையே சொல்லிவிடுவது பாதுகாப்பு. நம் நாட்டுக் கருவிகள் மில்லிமோலில் காட்டுகின்றன. 4-க்குக் கீழே போனால் சர்க்கரை குறைவு. தமிழ்நாட்டுக் காணொளிகளில் மில்லிகிராம் கணக்கு வரும். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். 3.1 காட்டுபவர் விழித்திருந்து விழுங்கவும் முடிந்தால், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பக்கவாதத்துக்கு நேரம் குறிக்காமல் விடுவது

"ஸ்ட்ரோக்" என்று எழுதுவதைவிட, "வாய் வலப்பக்கம் கோணியிருக்கிறது, இடக்கை தூக்க முடியவில்லை, கடைசியாக நன்றாக இருந்தது காலை 9.40" என்று எழுதுவது மருத்துவருக்குப் பயன்படும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாகக் கணக்கிடும் நாலரை மணி நேரம், அவரைக் கண்டெடுத்த வேளையிலிருந்து தொடங்குவதில்லை. நன்றாக இருந்ததாகக் கடைசியாக அறியப்பட்ட வேளையிலிருந்தே தொடங்குகிறது.

சுருக்கெழுத்துகள்

உங்களோடு படிக்காதவரிடம் வேண்டாம்.

"மருந்து குடித்துவிட்டார்"

தோட்டத்தில் மருந்து என்றால் களைக்கொல்லியும்தான், பூச்சிக்கொல்லியும்தான், காய்ச்சல் மாத்திரையும்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிக்கு அட்ரோபின் தருவார்கள். களைக்கொல்லிகளுக்கு அது முறிமருந்தாகாது. எனவே லேபிளில் உள்ள வேதிப்பெயர், குடித்த அளவு, குடித்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பெயரை வாசிக்கத் தெரியாவிட்டால் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, போத்தலையும் இறுக மூடி ஆம்புலன்ஸோடு கொடுத்தனுப்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.